தகவலாளி ஏழு

பத்து மணிக்கு மணி அடித்து, வினாத்தாள் கட்டைப் பிரித்து, முப்பது பிள்ளைகளுக்கும் கொடுத்து முடித்துக் கதவோரம் வந்து நின்ற பேராசிரியர் குணசீலன், மூன்றாவது வரிசை நான்காவது பெஞ்சைப் பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே ஓர் உத்தரவு போட்டுக்கொண்டார். போட்டு முடிப்பதற்குள் கழுத்து திரும்பிவிட்டது. மாரிச்செல்வி விடைத்தாளின் முகப்பில் பதிவெண்ணைக் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தாள், காலையில் எழுந்து பல் விளக்குகிற மாதிரி அத்தனை சாதாரணமாக. அந்தச் சாதாரணத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருக்கலாம். முறைத்திருந்தால் ஸ்டாஃப் ரூமுக்குப் போய், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதையே இல்லை சார் என்று நாலு பேரிடம் சொல்லி, நாலு பேரும் ஆமாம் சார் என்று தலையாட்ட, மனசு லேசாகியிருக்கும். அவள் இரண்டும் செய்யவில்லை. ஒன்பது நாற்பதுக்குக் குடிதண்ணீர்க் குழாயடியில் வந்து நின்று, பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டாள்: "சார், நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒன்றிய ஆபீஸ்ல அம்மாவுக்கு ரெண்டாவது விசாரணை. நீங்க இங்கிலீஷ்ல எழுதுனத தமிழ்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும்." அவரும் என்ன, ஆடிப்போய்விடவில்லை. இருபத்தோரு வருஷ சர்வீஸ். முதல்ல பரீட்சைய நல்லா எழுதும்மா, பாப்போம் என்றார். பாப்போம். எவ்வளவு வசதியான வார்த்தை. முதல்வர் சொல்லுகிற பாப்போம் ஒன்று உண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. அதற்கு இந்த ஜென்மத்தில் நடக்காது என்று அர்த்தம். பதவி உயர்வுக் குழுவின் பாப்போம் தொண்டையைச் செருமிக்கொண்டு வரும்; அடுத்த வருஷம் வா என்று அர்த்தம். தன்னுடைய பாப்போம் இதில் எந்த ரகம் என்று யோசித்தார். மூன்று மணி நேரம் எனக்குக் கொடு, அதற்குள் நீயே மறந்துவிடு என்கிற ரகம் என்று தெரிந்ததும் காதுமடல் சுட்டது.

முதல் அரைமணிக்கான மணி அடித்தது. இனிமேல் யாரும் உள்ளே வர முடியாது, யாரும் வெளியே போகவும் முடியாது, அவர் உட்பட. வராதவர்களின் பட்டியலுக்கென்று கொடுத்த வெள்ளைத்தாள்கள் மேசைமேல் மின்விசிறிக் காற்றில் படபடத்தன. ஒன்றும் எழுத வேண்டியதில்லை, முப்பதுக்கு முப்பதும் வந்திருக்கிறார்கள். அவற்றின் மேல் டஸ்டரைத் தூக்கி வைத்தார். இந்தப் பெண்ணின் அம்மா குருவம்மாள் என்று நினைக்கும்போதே, இல்லை, தகவலாளி ஏழு என்று உள்ளே ஒரு குமாஸ்தா குரல் திருத்தியது. நாலு வருஷத்துக்கு முன்னால் கீழக்குமிழங்குளம் ஒன்றியப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, அந்த அம்மாளை அவர் பேட்டி எடுத்தார். சத்துணவில் சமையலர் வேலைக்கு அரசாங்க உத்தரவோடு வந்தவள். ஆனால் அந்த அடுப்படிக்கென்று ஊர் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. குருவம்மாள் காய் நறுக்கலாம், அரிசி களையலாம், விறகு தள்ளலாம். உலை கொதித்து அரிசி விழுந்துவிட்டால் கரண்டி அவள் கையில் இருக்கக் கூடாது. ஊருக்குள்ளிருந்து வருகிற உதவியாளர் அம்மாள் வந்து வாங்கிக்கொள்வாள். பதிவேட்டில் இவள் சமையலர், அவள் உதவியாளர், அடுப்பில் தலைகீழ். ஆனால் முட்டை மட்டும் இவளே அவிக்கலாம், இவளே கொடுக்கலாம். அது ஏன் என்று நோட்டும் பேனாவுமாக அவர் கேட்டதற்கு அந்த அம்மாள் வெற்றிலை வாயை முந்தானையால் மறைத்துக்கொண்டு சிரித்தாள். "முட்டைக்கு ஓடு இருக்குல்ல சார். உரிச்சுப்புட்டா நான் தொட்டது கழண்டுபோகுமாம்." எழுதிய கை நின்றுவிட்டது. அந்த நிமிஷம் அவருக்குள் துக்கம் வந்ததா, ஆத்திரம் வந்ததா? யோக்கியமாகச் சொன்னால் முதலில் வந்தது தலைப்பு. ஆகா, தலைப்பு கிடைத்துவிட்டது என்றுதான் மனசு குதித்தது. அதற்குப் பின்னால் வரிசையில் நின்றுதான் துக்கம் வந்தது. அந்த அம்மாள் வேறு, எழுதுங்க சார், என் பேரப் போட்டே எழுதுங்க, நாலு பேரு படிக்கட்டும், எனக்கென்ன பயம், உள்ளதைத்தானே சொல்றேன் என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை அவர் நோட்டை எட்டிப் பார்த்து, எங்கே தன் பெயர் என்று விரலால் தேடினாள்.

போட முடியாதே அம்மா. ஆய்வு நெறிமுறை என்று ஒன்று இருக்கிறதே. தகவல் தருபவருக்குத் தீங்கு வராமல் பெயரை மறைக்க வேண்டும், ஊரை மறைக்க வேண்டும். அவர் மறைத்தார். குருவம்மாள் ஏழு ஆனாள், கீழக்குமிழங்குளம் ஓர் ஆங்கில எழுத்தானது. எல்லாம் அவளுடைய பாதுகாப்புக்குத்தான் என்று அப்போது மனசாரவே நம்பினார். யாருடைய பாதுகாப்புக்கு என்று இப்போது ஒரு குரல் கேட்டது; அது மதிப்பீட்டாளர் இரண்டின் குரல். ஆங்கில ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினால் முகம் தெரியாத இரண்டு பேர் படித்துக் கருத்துச் சொல்வார்கள். அதில் இரண்டாமவர் எப்போதும் மாமியார். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசுவார் என்று குணசீலனுக்கு ஒரு கற்பனை. பயணிகளின் கனிவான கவனத்திற்கு, தகவலாளி ஏழின் கூற்று மிகவும் ஒளியூட்டுவதாக உள்ளது, இருப்பினும் ஆசிரியர் தம்முடைய நிலைப்பாட்டை எங்கும் தெரிவிக்கவில்லை. அதற்கென்ன, தெரிவித்துவிட்டார். தான் ஆதிக்க சாதியில் பிறந்தவன் என்றும், அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் தனக்குத் திருமண வழி உறவு என்றும், அந்த உறவால்தான் சமையலறைக்குள் நுழைய முடிந்தது என்றும் ஒரு முழுப் பத்தி எழுதினார். என்ன நேர்மை, என்ன நேர்மை என்று எல்லாரும் மெச்சினார்கள். பனி கொட்டுகிற ஓர் ஊரில் நடந்த மாநாட்டில் அதை அவர் வாசித்தபோது முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றினாள். ஆங்கிலத்தில் அவர் சிங்கம். யாரையும் விடவில்லை, தன்னையே விடவில்லை. அடுப்படி ஏற்பாட்டை உத்தரவாக்கிய தலைமையாசிரியர், திருவேங்கடம் மச்சானைக்கூட, பெயர் சொல்லாமல், உரித்துத் தொங்கவிட்டார். மச்சான் அதைப் படிக்க மாட்டார் என்பது அந்தச் சிங்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு பையன் கையைத் தூக்கினான். பதினேழாவது கேள்விக்குப் பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் எழுதலாமா சார் என்று கேட்டான். ஏதாவது ஒன்றில் எழுதுப்பா என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது குணசீலனுக்கு. நீ எழுதினாயே, இரண்டிலும் என்று மனசு குத்தியது. அந்த இரண்டாவதை நினைக்காமல் இதுவரை சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார், கிணற்றுமேட்டில் மாடு மாதிரி. இனி முடியாது. வேறொன்றுமில்லை, ஒன்றியப் பள்ளிகளின் பொன்விழா மலர். மச்சான் போன் பண்ணினார். மாப்ள, மலருக்கு ரெண்டு பக்கம் நம்ம பள்ளிக்கூடத்தப் பத்தி எழுதிக் குடுங்க, நீங்கதான் இங்க வந்து ஆராய்ச்சி எல்லாம் பண்ணுனீங்கள்ல, புரொஃபசர்னு போட்டோவோட போட்டா எடுப்பா இருக்கும். எழுதினார். ஆங்கிலக் கட்டுரைக்கு இரண்டு வருஷம் ஆனது. இதற்கு நாற்பது நிமிஷம், அதிலும் நடுவில் எழுந்து போய்க் குக்கர் விசிலை நிறுத்திவிட்டு வந்தார். ஒரே பந்தி, ஒரே உலை, இப்பள்ளியின் சமையற்கூடத்துள் சாதி ஒருநாளும் நுழைந்ததில்லை என்பதை ஆய்வாளன் என்ற முறையில் கண்டறிந்தேன். ஆய்வாளன் என்ற முறையில். அந்த மூன்று சொல் இல்லாமல் எழுதியிருந்தாலாவது வெறும் மரியாதைக்கு எழுதியது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஏன் எழுதினார்? பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அப்போது வரவில்லையே. தமிழ்க் கட்டுரைக்குப் பதவி உயர்வில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. மலருக்கு எழுதுவது கல்யாண வாழ்த்துமடல் எழுதுகிற மாதிரி என்று நினைத்தார். உண்மை ஆங்கிலத்தில் பத்திரமாக இருக்கிறது, நகைப்பெட்டியில் நகை மாதிரி, தமிழில் கவரிங் போதும் என்று நினைத்தார். நினைத்தாரா? அப்படி ஒரு வாக்கியமாக நினைக்கவில்லை. வாக்கியமாக நினைத்திருந்தால் பயந்திருப்பார்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை என்று சொல்ல வந்த மனசு, பரவாயில்லையா என்று திரும்பித் தன்னையே கேட்டது. குருவம்மாள் எங்கே பார்த்தாலும் கேட்பாள். சந்தையில் கேட்டாள், பள்ளி ஆண்டுவிழாவில் கேட்டாள். வந்துருச்சா சார், நம்ம கத வந்துருச்சா. மூன்றாவது வருஷம் அவளை வழியில் பார்த்தபோது காரில் மலர்ப் பிரதிகள் கிடந்தன. வந்துருச்சு என்று சொல்லி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கை அதுவாகக் கொடுத்தது என்று சொல்ல ஆசை. கை அவர் கைதான். மூன்றாம் வகுப்போடு நின்ற அந்த அம்மாள் பள்ளிக்கூடத்துப் போட்டோவைக் கண்டுபிடித்து, அடுப்படிச் சன்னலைக் கண்டுபிடித்து, எம் பேரு எங்க இருக்கு சார் என்றாள். உள்ளே இருக்கும்மா என்றார். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாளாம். மகளிடம்கூடப் பிரித்துக் காட்டவில்லை, அழுக்காகிவிடும் என்று. இன்றைக்குக் குழாயடியில் மாரிச்செல்வி இதையும் சொன்னாள். இன்னும் சொன்னாள். போன மாதம் உதவியாளர் அம்மாள் மூன்று நாள் வரவில்லை. பிள்ளைகள் பசியாக இருக்குமே என்று குருவம்மாள் கரண்டியை எடுத்தாள், ஆக்கினாள், பரிமாறினாள். பிள்ளைகள் சாப்பிட்டன. நாலாம் நாள் சோற்றில் புழு என்று புகார். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி வேறு பள்ளிக்குக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றல். காரணம் சாதி என்று அவள் மனுப் போட்டதற்கு, முதல் விசாரணையில் அதிகாரி பொன்விழா மலரை விரித்து முப்பத்திரண்டாம் பக்கத்தை உரக்க வாசித்தாராம். மாரிச்செல்வி அந்த அதிகாரி மாதிரியே பேசிக் காட்டினாள், கட்டைவிரலைப் பெல்ட்டில் சொருகிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் வெற்றிலை துப்புகிற மாதிரி நிறுத்தி. ஏம்மா, இவரு யாரோ எவரோ இல்ல, புரொஃபசரு, உன் அடுப்படியிலேயே உக்காந்து ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காரு, சாதியே இல்லைங்கிறாரு, நீ என்ன இவரவிடப் படிச்சவளா. அவ்வளவு நன்றாகப் பேசிக் காட்டினாள் என்பதால் வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பார். பிறகு கையைப் பெல்ட் இல்லாத இடுப்பிலிருந்து எடுத்துவிட்டு, தன் குரலில் சொன்னாள்: "உள்ள என்ன எழுதியிருக்குன்னு அம்மா அங்கதான் சார் மொத தடவ கேட்டுச்சு."

அங்கதான் மொத தடவ கேட்டுச்சு. அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பதினொரு எட்டு, திரும்பினால் பதினொரு எட்டு. ஒவ்வொரு எட்டுக்கும் அந்த வாக்கியம் ஒரு சொல்லாக விழுந்தது. அந்த அம்மாள் முகம் எப்படி இருந்திருக்கும். வெற்றிலை போட்டிருந்தாளா. விசாரணைக்குப் போகிறவள் வெற்றிலை போட்டிருக்க மாட்டாள். ஆங்கிலக் கட்டுரையை மாரிச்செல்வி எப்படிக் கண்டுபிடித்தாள்? அது முதல்வரின் கைங்கரியம். கல்லூரித் தர மதிப்பீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று முதல்வர் அதன் முதல் பக்கத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டினார். நம்ம காலேஜுக்கே பெருமை சார், உலகமே படிக்குது. முட்டை, ஓடு என்று தலைப்பைப் பார்த்ததும் இந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. அம்மா வீட்டில் நூறு தடவை சொல்லிச் சிரித்த பேச்சு. பலகை முன்னால் நின்று அகராதியைப் போனில் வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்திருக்கிறாள். முழுக் கட்டுரையையும் எங்கிருந்தோ இறக்கிப் படித்திருக்கிறாள். திருமண உறவு என்கிற பத்தியையும் படித்திருப்பாள். படித்தவள், ஏன் சார் இப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பக்கம் போதும் என்றுதான் கேட்டாள்.

அப்போது பறக்கும் படை வந்தது, இரண்டு பேர், பையன்களின் சட்டைக் கைகளை மடித்துப் பார்த்தார்கள், குனிந்து மேசைகளின் அடியில் பார்த்தார்கள். தன் சட்டைப்பையையும் சோதிப்பார்களோ என்று குணசீலனுக்கு ஒரு கணம் திக்கென்றது. எல்லாம் சரியா இருக்கு சார், நல்ல ஹால் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் செருப்புச் சத்தம் அடங்கியதும் டஸ்டரைத் தூக்கி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். பேனா தமிழில் வரவில்லை. ஆங்கில வாக்கியங்கள்தான் இஸ்திரி போட்ட சட்டைகளாக வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் கழற்றித் தமிழாக்கினால் உள்ளே திருவேங்கடம் மச்சான் உட்கார்ந்திருந்தார், பட்டு வேட்டியோடு, மணவறைக்குப் பக்கத்தில். ஆவணியில் தன் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் அவர்தான், மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவர். மனைவி விஜயராணியின் குரல் வீட்டுச் சமையலறையிலிருந்து இங்கேயே வந்தது, கத்தாமல், பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் வேகமாக வைத்துக்கொண்டு. எங்கண்ணனத் தவிர உங்களுக்கு எழுத ஆளே கிடைக்கலையாக்கும். மண்டபத்தில் அந்த இடம் காலியாக இருப்பதை முன்னூறு பேர் பார்ப்பார்கள். மகள் பார்ப்பாள். அப்பா என்ன செய்தார் என்று கேட்பாள். சொன்னால் அவளுக்குப் புரியும். புரிந்தாலும் காலி இடம் காலி இடம்தான். இந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை, நடுவில் நான் என்று தன்மேல் ஒரு பரிதாபம் பொங்கி வந்ததை, அது ஆங்கிலக் கட்டுரையின் அந்த மெச்சப்பட்ட பத்தி மாதிரியே இருந்ததால், அருவருத்துத் தள்ளினார். பிறகு எழுதினார். ஒரு ஒன்றியப் பள்ளியில் நான் கள ஆய்வு செய்தபோது. சமையலர் ஒருவர் என்னிடம் கூறியதாவது. தலைமையாசிரியர் ஒருவரின் அறிவுறுத்தலின்பேரில். மலரில் வெளியான ஒரு கட்டுரை உண்மை நிலைக்கு மாறானது. பேனா இப்போது வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒருவர், ஒரு, ஒருவரின் என்று எழுத எழுத எவ்வளவு சுலபமாக இருந்தது. எல்லா உண்மையும் வந்துவிட்டது, ஒரு ஆளுக்கும் நோகவில்லை. இரண்டு பக்கம் நிறைந்ததும் அவர் கேவலமான ஒரு நிம்மதியோடு நிமிர்ந்தபோது, மாரிச்செல்வி நூல் கட்டிய விடைத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை.

கடைசி மணி அடித்தது. பிள்ளைகள் தாள்களைக் கொடுத்துவிட்டு, விடைகளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வெளியே போனார்கள். அவள் கடைசியாக வந்தாள். குணசீலன் இரண்டு தாள்களையும் நீட்டினார். அவள் நின்றபடியே வாசித்தாள், உதடு லேசாக அசைய, ஒரு வரியையும் தாண்டாமல். அந்த நேரத்தில் அவர் முப்பது விடைத்தாள்களை எண்ணினார், இருபத்தெட்டு வந்தது, மறுபடி எண்ணினார். "விசாரணை எங்கம்மாவுக்கு சார், சமையலர் ஒருவருக்கு இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பரீட்சை எழுதிய அதே பேனாவைத் திறந்து, தாளை மேசையில் வைத்து, சமையலர் ஒருவர் என்பதை ஒரே கோடாக அடித்து மேலே குருவம்மாள் என்று எழுதினாள். ஒரு ஒன்றியப் பள்ளி என்பதை அடித்துக் கீழக்குமிழங்குளம் என்று எழுதினாள். மலரில் வெளியான ஒரு கட்டுரை என்ற இடத்தில், நான் எழுதிய கட்டுரை என்று திருத்தினாள். தலைமையாசிரியர் ஒருவரின் என்ற இடத்தில் பேனா நின்றது. தலை நிமிராமல், பேனாவின் பின்பக்கத்தை அவரிடம் நீட்டினாள். அது மட்டும் நீங்க எழுதுங்க சார் என்று அவள் சொல்லவில்லை, நீட்டிக்கொண்டே நின்றாள். வராந்தாவில் முதன்மைக் கண்காணிப்பாளர், பதினாலாம் ரூம் கட்டு இன்னும் வரல, பதினாலாம் ரூம் என்று கூவிக்கொண்டு போனார். குணசீலன் பேனாவை வாங்கினார். திருவேங்கடம் என்கிற பெயரை வாழ்நாளில் ஆயிரம் கல்யாணப் பத்திரிகை உறைகளில் எழுதியிருக்கிறார். திரு என்று எழுதிவிட்டு இரண்டு தடவை மூச்சு வாங்கினார். எழுதி முடித்ததும் அடியில் கையெழுத்துப் போட்டார். அடிச்ச எடத்துல எல்லாம் சின்னக் கையெழுத்து வேணும் சார் என்றாள். பரீட்சை ஹாலில் அவரே பிள்ளைகளுக்குச் சொல்லுகிற விதிதான். நாலு இடத்திலும் போட்டார்.

"தேதி?" என்றாள்.

எந்தத் தேதி போட என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்கிறோம் என்று புரிந்தது. அவள் சொன்னாள்: "இன்னைக்கித் தேதியே போடுங்க சார். நாலு வருசத்துக்கு முந்திப் போட்டா அது பொய்யாப்போயிரும்." போட்டார். அவள் தாள்களை இரண்டாக மடித்து நுழைவுச்சீட்டோடு சேர்த்துப் பையில் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி, இன்னைக்கி ராத்திரியே அம்மாட்ட முழுசா வாசிச்சுக் காட்டிருவேன் சார், நாளைக்கும் அந்த ஆபீசர் வாயாலதான் மொத தடவ கேட்டுச்சுன்னு ஆகக் கூடாதுல்ல என்றாள், யாரையும் குத்துகிற மாதிரி இல்லை, மறந்துவிடாமல் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைத் தனக்கே நினைவுபடுத்திக்கொள்கிற மாதிரி. குணசீலன் தலையை ஆட்டினார். அவள் படியிறங்கிப் போனபிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.